டிமோதி டெய்லர் லேண்ட்லார்ட்: புகழுக்குத் தகுந்த பீரா, பழம்பெருமையா?

தேம்சுக்கரை:

லண்டன் பப்புகளில் நிலவறைப் பீப்பாயிலிருந்து பீரை இழுக்கும் கைப்பம்புகளின் வரிசையில் லண்டன் பிரைடு, டூம் பார் போன்ற பீர்களுக்குப் பக்கத்தில் இப்போது பல இடங்களில் டிமோதி டெய்லரின் லேண்ட்லார்டையும் பார்க்கிறேன். யார்க்‌ஷரின் கீத்லி நகரத்து ஆலை 1952-இல் காய்ச்சத் தொடங்கிய இந்த 4.3 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஏல் வகை பீர், பீப்பாய் பீருக்காகக் குரல்கொடுக்கும் காம்ரா அமைப்பு வழங்கும் பிரிட்டனின் தலைசிறந்த பீர் என்ற பட்டத்தை 1982, 1983, 1994, 1999 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2003-இல் பாடகி மடோனா ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைப் புகழ்ந்த பிறகு, பீர் பக்கமே போகாதவர்களுக்கும் இதன் பெயர் தெரிந்துவிட்டது. இந்தக் கதைகள் இங்கே பலருக்கும் பழையவைதான்.

என் சிக்கல் வேறு. இந்த பீர் எனக்கு ஒரு பப்பில் உயிரே இல்லாமல் சப்பென்று கிடைக்கிறது. இன்னொன்றில் பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் காரமான வாடை வீசுகிறது. எப்போதாவது, எதிர்பாராத ஏதோ ஒரு மூலையில், ஆரஞ்சுத் தோலும் தேனும் கலந்த மணத்தோடு நீண்ட கசப்பும் சேர்ந்து வந்து, இதற்காகத்தான் இத்தனை பேர் கொண்டாடுகிறார்களோ என்று நினைக்க வைக்கிறது. இவற்றில் எது உண்மையான லேண்ட்லார்ட்? சுவையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு உள்ள ஒரு பீரை நாம் தரமான பீர் என்று சொல்லலாமா?

பென்னைன்வாசி:

நீங்கள் மூன்றாவதாகச் சொன்னதுதான் லேண்ட்லார்ட். மற்ற இரண்டும் அதற்கு நேர்ந்த விபத்துகள்.

இந்த பீரின் பொருள்களைப் பார்த்தாலே அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது புரியும். மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், முழுவதும் கோல்டன் பிராமிஸ் என்ற ஒரே பார்லி வகையிலிருந்து வருகிறது. காமாக் கதிர் பாய்ச்சி உண்டாக்கிய திரிபிலிருந்து பிறந்த இந்தக் குட்டைத் தண்டு வகை 1960-களின் பிற்பகுதியில் வந்து, பிறகு ஸ்காட்லாந்து முழுவதும் பரவியது. விளைச்சல் குறைவு, பூஞ்சை நோய் எளிதில் பிடிக்கும் என்பதால் புதிய வகைகள் வந்ததும் உழவர்கள் இதைக் கைவிட்டார்கள். விஸ்கி வடிப்போர் சிலரும் டெய்லர் ஆலையும் கூடுதல் விலை கொடுத்து இன்றும் கேட்டு வாங்குகிறார்கள். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களிலும் புதுமை எதுவும் கிடையாது. ஃபகில், விட்பிரெட் கோல்டிங், ஸ்டைரியன் கோல்டிங் ஆகிய மூன்று பழைய வகைகள்தான். கொதித்த சாற்றை ஸ்லோவேனியாவிலிருந்து வரும் ஸ்டைரியன் கோல்டிங்கின் முழுப்பூக்கள் மீது ஓடவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன ஆரஞ்சுத் தோல் மணம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். தண்ணீர் ஆலையின் சொந்த ஊற்றான நோல் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. டிமோதி டெய்லர் 1858-இல் கீத்லியில் தொழிலைத் தொடங்கி, 1863-இல் அந்த ஊற்று இருக்கும் இடத்துக்கே ஆலையை மாற்றினார்.

அமெரிக்க ஹாப்ஸை அள்ளிப் போட்ட பீரில் சிறு பிசகுகளை அந்த மணமே மூடிவிடும். இவ்வளவு எளிமையான பீரில் பிசகு நேராக நாக்குக்கு வந்து சேர்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்களுக்கு ஊற்றியபோது பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் மாட்டியிருந்ததா? சிறு துளைகள் கொண்ட அந்த மூடியின் வழியாக பீரை அழுத்தித் தள்ளினால் இறுக்கமான வெண்ணுரை திரண்டு நிற்கும், உடலும் மென்மையாகும். எங்கள் வட இங்கிலாந்துப் பக்கத்தில் லேண்ட்லார்டை அப்படித்தான் ஊற்றுவார்கள். தெற்கே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பிறகு பீர் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள்.

சசெக்ஸ்வழி:

ஸ்பார்க்லர் இல்லாததால் பீர் சப்பென்று இருக்கிறது என்பது தலைகீழான வாதம் என்று நண்பர் பென்னைன்வாசிக்குப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். ஸ்பார்க்லர் பீரில் இருக்கும் கரியமில வாயுவை வெளியே தள்ளித்தான் அந்த நுரையை உண்டாக்குகிறது. மேலே அழகாக நிற்கும் நுரை, கீழே உள்ள பீரிலிருந்து பறித்த உயிர்தான். கசப்பின் ஒரு பகுதியும் அந்த நுரைக்குள் போய்விடுகிறது. நன்றாகப் பதமடைந்த பீருக்கு இந்த ஒப்பனை தேவையில்லை. பதமடையாத பீருக்கோ அது முகப்பூச்சு.

என் கருத்தில் லேண்ட்லார்ட் நல்ல பீர், ஆனால் அதன் பெயர் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. கடைசியாகப் பெரிய பட்டம் வாங்கியது 1999-இல். தென் இங்கிலாந்தின் லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலையின் சசெக்ஸ் பெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 4 விழுக்காடுதான், ஆனால் அதில் மால்ட்டின் ஆழமும் ஈஸ்ட்டின் குணமும் மண்வாசனையும் சேர்ந்து வருகின்றன. அதன் பக்கத்தில் வைத்தால் லேண்ட்லார்ட் ஒழுங்காகத் தலைவாரிய பிள்ளையைப்போல் தெரிகிறது.

பென்னைன்வாசி:

சசெக்ஸ் பெஸ்ட்டின் ஈஸ்ட்டைப் பாராட்டியதற்கு யார்க்‌ஷரின் சார்பில் நன்றி. ஹார்வீஸ் ஆலை தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் அந்த ஈஸ்ட் 1957-இல் எங்கள் யார்க்‌ஷரின் டாட்காஸ்டர் ஊரின் ஜான் ஸ்மித்ஸ் ஆலையிலிருந்து சென்றது. மண்வாசனை எந்த மண்ணுடையது என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

சசெக்ஸ்வழி:

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக லூயிஸில் வளர்ந்த ஈஸ்ட் இப்போது லூயிஸ்காரன்தான். குடியேறிய நாமே இதை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் ஒத்துக்கொள்வார்கள்?

நிலவறைக்காரன்:

நான் பல ஆண்டுகள் பப் நிலவறையில் வேலை பார்த்தவன். லேண்ட்லார்டையும் நிறையக் கையாண்டிருக்கிறேன். எனவே தேம்சுக்கரை ஐயா கேட்ட கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பீப்பாய் பீர் ஆலையை விட்டுப் புறப்படும்போது முடிந்த பொருள் இல்லை. வடிகட்டாமல், சூடேற்றிக் கிருமி நீக்காமல், உயிருள்ள ஈஸ்ட்டோடும் மிச்சமிருக்கும் சர்க்கரையோடும் வந்து இறங்குகிறது. நிலவறையில் அது மறுபடியும் நொதித்து, தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எல்லா பீப்பாய் பீரிலும் இது நடக்கும். லேண்ட்லார்டில் கொஞ்சம் வெறியோடு நடக்கும் என்பதுதான் வேறுபாடு. பீப்பாயின் வயிற்றில் மேற்புறமாக இருக்கும் அடைப்பில் ஸ்பைல் என்ற சிறு மரமுளையை அடித்து இறக்கியதும், மற்ற பீர்கள் பெருமூச்சு விடும். இது சில நேரம் கூரை வரை பீய்ச்சியடிக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நாங்கள் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் இந்த வேலையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பதுண்டு.

முதலில் பீப்பாயை அசையாமல் படுக்க வைத்து 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விட வேண்டும். பிறகு காற்று கசியும் மென்மையான முளையைச் செருகி, மிகுந்த வாயு மெல்ல வெளியேறக் காத்திருக்க வேண்டும். முளையின் தலையில் நுரை கொப்பளிப்பதைத் துடைத்துவிட்டு, மறுபடி எவ்வளவு வேகமாகக் கொப்பளிக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அது அடங்கியதும் கெட்டியான முளைக்கு மாற்றி, இருக்கும் வாயுவை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவசரப்படக் கூடாது. வேறு பல பீர்கள் ஓரிரு நாளில் விற்பனைக்குத் தயாராகிவிடும். லேண்ட்லார்டை ஒரு வாரமோ அதற்கு மேலோ வைத்திருந்து திறப்பவர்களைத்தான் நான் மதிக்கிறேன். தெளிந்துவிட்டது என்பதால் பதமாகிவிட்டது என்று பொருளில்லை. கண்ணாடிபோல் தெளிந்த பீர் நாக்கில் பச்சையாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு என்ற பொருளுடையது. நொதித்தலின் நடுவில் அது உண்டாகும், நேரம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதை மாற்றிவிடும். வெண்ணெய் மிட்டாய்போல் வாடை வந்தால் அது டைஅசிட்டைல். அதையும் ஈஸ்ட் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனவே உங்களுக்குக் கிடைத்தது அவசரமாகத் திறந்த பீப்பாய் என்பது என் ஊகம்.

சப்பென்று இருந்ததற்குக் காரணம் நேர் எதிரானது. ஒரு முறை பீர் எடுக்கத் தொடங்கிவிட்டால், எடுத்த பீருக்கு ஈடாகக் காற்று உள்ளே போகிறது. மூன்று நாளுக்குள் பீப்பாய் தீர வேண்டும். அதற்கு மேல் போனால் வாயுவும் மணமும் போய், பிறகு புளிப்பு ஏறும். பனையிலிருந்து காலையில் இறக்கிய கள் பொழுதுசாயும்போது என்னவாகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தேம்சுக்கரை:

மிகப் பயனுள்ள பதிவு. அப்படியானால் குடிப்பவன் காசு கொடுப்பதற்கு முன்பே இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பம்பின் முன்னால் இருக்கும் பச்சைச் சின்னம் எல்லாப் பப்பிலும் ஒன்றுதானே?

நிலவறைக்காரன்:

வாங்குவதற்கு முன் ஒரு மடக்குச் சுவை கேளுங்கள். பீப்பாய் பீருக்கு இதைக் கேட்பது இங்கே வழக்கம்தான், முகம் சுளிக்கும் இடமாக இருந்தால் அதுவே ஒரு பதில். பக்கத்தில் மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். எல்லோரும் குளிரவைத்த லாகர் வகை பீர் குடிக்கும் பப்பில் ஆறு கைப்பம்புகள் நின்றால், அந்த ஆறும் மெதுவாகத்தான் தீரும். ஒன்றோ இரண்டோ பம்பு மட்டும் வைத்து, அதிலிருந்து ஓயாமல் ஊற்றிக்கொண்டிருக்கும் இடம் மேல். கடை திறந்தவுடன் போய் முதல் பைன்ட்டை (அரை லிட்டருக்குச் சற்று அதிகமான அளவு) வாங்காதீர்கள். இரவு முழுவதும் குழாயில் தங்கியிருந்த பீரை வெளியேற்றாமலேயே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

குடித்த பீரில் குறை இருந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப் மறுபேச்சின்றி மாற்றித் தரும். நுரைக்கும் இது பொருந்தும். விளிம்பு வரை அளவுள்ள கண்ணாடியில் நுரை அதிகமாக இருந்தால் மேலும் ஊற்றச் சொல்லிக் கேட்கலாம். ஸ்பார்க்லர் அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மரக்கறிக்காரி:

அண்ணாமார் யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். நான் மீன், இறைச்சி உண்பதில்லை. பீப்பாய் பீரைத் தெளிய வைப்பதற்கு மீனின் உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள் என்று அலுவலகத் தோழி சொன்ன நாளிலிருந்து கைப்பம்பின் பக்கமே போவதில்லை. லேண்ட்லார்டுக்கும் இது பொருந்துமா? போத்தலில் வருவதை மட்டும் குடித்தால் போதுமா?

நிலவறைக்காரன்:

தங்கச்சி, தோழி சொன்னது சரி. அதற்கு ஐசிங்கிளாஸ் என்று பெயர். மீனின் காற்றுப்பையை, நம் கடற்கரைகளில் நெட்டி என்று சொல்வார்களே, அதை உலர்த்திப் பதப்படுத்தி எடுக்கும் ஒருவகைக் கொலாஜன். மிதக்கும் ஈஸ்ட்டோடு ஒட்டி அதைப் பீப்பாயின் அடிக்கு இழுத்துச் செல்கிறது. கசடோடு அதுவும் கீழே தங்கிவிடும் என்றாலும், ஒரு துளியும் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதோடு, உங்களுடைய கேள்வி எவ்வளவு வருகிறது என்பதைப் பற்றியதும் இல்லை.

பழைய பாணி ஆலைகளின் பீப்பாய் பீரில் பெரும்பாலும் ஐசிங்கிளாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பீருக்குப் போத்தலும் பீப்பாயும் வேறு வேறு முறையில் தெளிவிக்கப்படலாம் என்பதால், லேபிளைப் பார்த்தோ ஆலையிடம் கேட்டோ உறுதிசெய்வதே நல்லது. புதிய சிறு ஆலைகள் பலவும் இதைச் சேர்க்காமல் கலங்கலாகவே பீப்பாயில் அனுப்புகின்றன. பம்பின் மேல் அதை எழுதியும் வைக்கிறார்கள்.

சசெக்ஸ்வழி:

மரக்கறிக்காரியின் கேள்வி இன்னொரு வழக்கத்தையும் தொடுகிறது. பீர் தெளிவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கண்ணுக்கானது, நாக்குக்கானது அல்ல. ஆனால் லேண்ட்லார்ட் கலங்கலாக வந்தால் நானே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த பீர் கலங்கலாக இருக்கும்படி காய்ச்சப்படவில்லை.

மூத்தகுடி:

எழுபதுகளில் இந்த நாட்டுக்கு வந்து பர்மிங்ஹாம் பக்கத்தில் தங்கிவிட்டவன் நான். இளையவர்கள் லேண்ட்லார்டின் குறைநிறைகளை எடைபோடும்போது, அது எப்படிப்பட்ட காலத்தைக் கடந்து வந்திருக்கிறது என்பதையும் ஒரு தட்டில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் வந்தபோது பெரிய ஆலைகள் பீப்பாய் பீரை ஒழித்துக்கட்டும் வேலையில் தீவிரமாக இருந்தன. வடிகட்டி, சூடேற்றி, கேக் என்ற உலோகக் கலத்தில் அடைத்து, வாயுவை ஏற்றித் தள்ளும் பீரைத்தான் எங்கும் விற்றார்கள். அதில் நிலவறைக்காரனின் கைத்திறனுக்கு வேலையே இல்லை. யார் ஊற்றினாலும் ஒரே சுவை, அந்தச் சுவை எதுவுமில்லாத சுவை. 1971-இல் நான்கு இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் தொடங்கிய காம்ரா அதற்கு எதிராகத்தான் கிளம்பியது. லேண்ட்லார்ட் எண்பதுகளில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்றபோது, வடக்கே ஒரு சிறு நகரத்துக் குடும்ப ஆலை பெரிய ஆலைகளுக்குச் சொன்ன பதிலாகவே எங்களுக்கு அது பட்டது.

மற்ற புகழ்பெற்ற பெயர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். லீட்ஸில் டெட்லி ஆலை 2011-இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் டூம் பார் காய்ச்சும் கார்ன்வாலின் ஷார்ப்ஸ் ஆலை மோல்சன் கூர்ஸ் கைக்குப் போனது. லண்டன் பிரைடு தந்த ஃபுல்லர்ஸின் பீர்த்தொழிலை 2019-இல் ஜப்பானின் அசாஹி வாங்கியது. எனக்கு மிகவும் பிடித்த மார்ஸ்டன்ஸ் பெடிக்ரியை பர்ட்டனில் மரப்பீப்பாய்களின் வரிசையில் நொதிக்க வைத்த அந்தப் பழைய யூனியன் முறையை 2024-இல் கைவிட்டார்கள். அதில் ஒரு தொகுதி பேக்வெல்லின் தார்ன்பிரிட்ஜ் ஆலைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் டெய்லர் ஆலை தனியாகவே, அதே ஊரில், அதே ஊற்றுத் தண்ணீரில் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. பழம்பெருமை என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. பெருமை பழையதாக இருக்கலாம், பீர் மாறவில்லை.

சசெக்ஸ்வழி:

மூத்தகுடி ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தனியாக நிற்பதும் பீர் நன்றாக இருப்பதும் இரண்டு வேறு செய்திகள். விற்கப்பட்ட ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைடை நல்ல நிலவறையிலிருந்து குடித்தால் இன்றைக்கும் குறைசொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படுவதில்லை.

எனக்கு இந்த விவாதத்தில் உறுத்துவது வேறொன்று. பீர் நன்றாக இருந்தால் புகழ் ஆலைக்கு, நன்றாக இல்லாவிட்டால் பழி பப்புக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய, பீய்ச்சியடிக்கிற, மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டிய ஒரு பீரை, அதற்குரிய நிலவறையோ ஆளோ வாடிக்கையாளர் கூட்டமோ இல்லாத பப்புகளுக்கெல்லாம் நாடு முழுவதும் யார் அனுப்புகிறார்கள்? லூயிஸ் ஆலை தன் பீரைப் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பீப்பாயை இருநூறு மைல் லாரியில் குலுக்கி எடுத்துச் சென்று, இடைத்தரகரின் கிடங்கில் வைத்து, பிறகு முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தேதான் விற்கிறார்கள். பெயர் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெயர் கெடுவதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நிலவறைக்காரன்:

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே வலுவான வாதம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதியை ஒத்துக்கொள்கிறேன். மெதுவாக விற்கும் பப்பில் லேண்ட்லார்டை வைப்பது அந்த பீருக்குச் செய்யும் தீங்கு.

மறுபாதியில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வழக்கமான ஃபிர்கின் பீப்பாய் 9 காலன், அதாவது 72 பைன்ட்; அடிக்கசடு போனால் விற்கக்கூடியது அதைவிடக் குறைவு. மூன்று நாளில் அது தீராது என்று தெரிந்தால் பப்பிடம் வழிகள் இருக்கின்றன. பம்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆலை கொடுத்தால் 36 பைன்ட் பிடிக்கும் பின் பீப்பாயை எடுக்கலாம். காற்றுக்குப் பதிலாக மெல்லிய அழுத்தத்தில் கரியமில வாயுவை உள்ளே விடும் கருவியைப் பொருத்தலாம். இந்தக் கருவியைக் காம்ராவே நெடுங்காலம் எதிர்த்துவந்து 2018-இல்தான் அந்த எதிர்ப்பைக் கைவிட்டது. இவற்றில் ஒன்றையும் செய்யாமல், பெயருக்கு ஆள் வருவார்கள் என்று புகழ்பெற்ற சின்னத்தை மட்டும் மாட்டிவைக்கும் பப் உரிமையாளரை நான் எப்படிப் பொறுப்பிலிருந்து விடுவிப்பது? பெரிய பப் குழுமங்களில் எந்த பீர் வாங்குவது என்பதை நிலவறையில் நிற்பவன் தீர்மானிப்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைப் பார்த்து மேலே யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அது கீழே வந்து கூரையில் அடிக்கிறது.

பயிற்சிக்கும் கூலிக்கும் பணம் ஒதுக்காமல் இந்த பீரை விற்க முடியாது. 2020 மார்ச்சில் பப்புகளை மூடியபோது நாடு முழுவதும் பீப்பாய்களைச் சாக்கடையில் கொட்டினார்கள். அதற்குப் பிறகு தொழிலை விட்டுப் போனவர்களில் நல்ல நிலவறைக்காரர்கள் பலர் இருந்தார்கள். அந்த அனுபவம் இன்னும் திரும்பி வரவில்லை என்பது என் கணிப்பு.

பென்னைன்வாசி:

சசெக்ஸ்வழியின் வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் கீத்லியைப் போன்ற ஊரின் ஆலை இன்றுவரை பிழைத்திருக்குமா? துணி ஆலைகள் போயின, இயந்திரத் தொழிற்சாலைகள் போயின, அங்கே மாலையில் பீர் குடித்தவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. டெய்லர் ஆலைக்குச் சொந்தமாக இருக்கும் பப்புகளோ கொஞ்சம்தான். வெளியே விற்றுத்தான் ஆக வேண்டும். அவர் விரும்பும் தூய்மையான வழியைப் பின்பற்றியிருந்தால், மூத்தகுடி ஐயா சொன்ன பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும்.

தேம்சுக்கரை:

நிலவறைக்காரர் சொன்ன சோதனைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் பகுதியில் பம்புகள் குறைவாக உள்ள ஒரு பப்பில் சுவை கேட்டு வாங்கினேன். நல்ல நிலையில் இருந்தது. முதலில் தேன் கலந்த பிஸ்கட் சுவை, நடுவில் ஆரஞ்சு, பிறகு நாக்கின் பின்புறத்தில் உலர்ந்த கசப்பு நெடுநேரம் நின்றது. ஸ்பார்க்லர் இல்லாமல்தான் ஊற்றினார்கள் என்பதைப் பென்னைன்வாசி மன்னிக்க வேண்டும்.

போத்தலிலும் வாங்கிப் பார்த்தேன். 4.1 விழுக்காடு என்று போட்டிருந்தது. லண்டன் பிரைடுக்குப் போத்தலில் 4.7, பீப்பாயில் 4.1 என்று தலைகீழாக இருக்க, இதற்கு மட்டும் போத்தலில் குறைவாக இருப்பது வியப்பாக இருந்தது. சுவை சுத்தமாக இருந்தாலும் ஆரஞ்சு மணம் மங்கல்தான், வாயு கூர்மையாகக் குத்துகிறது.

மரக்கறிக்காரி:

ஆலைகளிடம் விசாரித்துப் பார்த்துத் தெளிவாகச் சொன்னவர்களின் போத்தல்களைத்தான் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வாயு குத்தினால் என்ன செய்வது, அண்ணா?

நிலவறைக்காரன்:

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, அகன்ற கண்ணாடியில் சற்று உயரத்திலிருந்து ஊற்றுங்கள், தங்கச்சி. குத்தும் வாயு கொஞ்சம் போய்விடும்; 12 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் மணமும் எழும். லாகர் குளிரில் இந்தப் பாணி பீர் எதையும் குடிக்காதீர்கள், வெறும் கசப்புத்தான் தெரியும்.

மூத்தகுடி:

லேண்ட்லார்ட் டார்க் என்று ஒன்று வருகிறதே, அதை யாரும் பேசவில்லை. முன்பு ராம் டாம் என்ற பெயரில் விற்றார்கள்.

பென்னைன்வாசி:

லேண்ட்லார்டில் காரமல் சேர்த்தால் லேண்ட்லார்ட் டார்க், ஐயா. குளிர்காலத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும், அந்த ஹாப்ஸ் மணத்தை இனிப்பால் மூடுவானேன் என்று எனக்குத் தோன்றும். அதே ஆலையின் போல்ட்மேக்கர் அதைவிடச் சுவாரசியமானது. 4 விழுக்காடு, 2014-இல் காம்ராவின் பெரிய பட்டத்தை வென்றது. 1999-உடன் ஆலையின் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதைக் குடித்துப் பார்க்கலாம்.

சசெக்ஸ்வழி:

குடித்திருக்கிறேன். லேண்ட்லார்டைவிட எனக்கு அது பிடித்தது. இதை இங்கே எழுதினால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்தேன்.

தேம்சுக்கரை:

கீத்லிக்கே போய்க் குடிக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே போக வேண்டும்?

பென்னைன்வாசி:

கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸ் வந்து, அங்கிருந்து ஏர்டேல் பாதை ரயிலில் ஏறினால் கீத்லி அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே போல்ட்மேக்கர்ஸ் ஆம்ஸ் இருக்கிறது. சிறிய இடம், கூட்டமான மாலையில் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டியிருக்கும். அங்கே அரை பைன்ட் போல்ட்மேக்கர், பிறகு ஒரு பைன்ட் லேண்ட்லார்ட் என்ற வரிசையில் கேளுங்கள். நேரம் இருந்தால் அதே நிலையத்திலிருந்து புறப்படும் நீராவி ரயிலில் ஹாவொர்த் போய், செங்குத்தான கடைத்தெருவில் இருக்கும் ஃபிளீஸ் விடுதிக்கும் சென்று வரலாம். அதுவும் டெய்லர் ஆலையின் விடுதிதான். நீராவி ரயில் எல்லா நாளும் ஓடாது, கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்பார்க்லர் வேண்டாம் என்று அங்கே சொன்னால் கழற்றித்தான் தருவார்கள். ஆனால் முதல் பைன்ட்டை மட்டுமாவது அவர்கள் ஊற்றுகிறபடியே குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.